ஒன்பதாவது அடி

மாபுலெங் மெழுகிய தரையில் கால் வைக்க யாருக்கும் மனசு வராது. மூன்று பள்ளத்தாக்குக்கு அப்பால் கல்யாணம் என்றாலும் மட்டக்குதிரையோடு ஆள் அனுப்பி அவளை அழைத்துப் போவார்கள். அவளும் ஒரு தகர வாளியையும் பல் உடைந்த முள்கரண்டியையும் எடுத்துக்கொண்டு, கம்பளியைத் தோளில் ஊக்கால் குத்திக்கொண்டு, ராணி மாதிரி ஏறி உட்காருவாள். வாளி, சாணியும் செம்மண்ணும் குழைக்க. முள்கரண்டி, ஈரம் காய்வதற்குள் சுவரில் வரிவரியாகப் பூ இழுக்க. "மண்ணைத் தொட்டாலே போதும், அதுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சிடும்" என்பாள். கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். கைவேலை தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் கர்வமும் இல்லாவிட்டால் ஊர் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும்.

எங்கள் ஊர் ஹா செலோமோவுக்கு அவள் மருமகளாக வந்தபோது வயது பத்தொன்பது. எங்கள் வழக்கப்படி வந்த அன்றே பிறந்த வீட்டுப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னும் பிறக்காத பிள்ளையின் பெயரால் 'மாபுலெங்', அதாவது புலெங்கின் அம்மா, என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் புலெங் பிறக்க மூன்று வருஷம் ஆனது. மூன்று வருஷமும் பக்கத்து வீட்டு மாத்துசோ தண்ணீர்க் குழாயடியில் தினமும் கேட்பாள்: "என்ன மாபுலெங், உன் மக இன்னும் கிளம்பலையா? வழி தெரியாம எங்கயாவது நிக்கிறாளோ?" மாபுலெங் வாளியை நிரப்பிக்கொண்டு பதில் சொல்லாமல் போவாள். வாய் இல்லாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் வாயைத் திறந்தால் மாத்துசோவின் மூன்று தலைமுறை வெளியே வரும். மருமகளாக வந்த புதிது, அடக்கிக்கொண்டாள்.

அந்த நாட்களில்தான் பாறையைப் பார்த்தாள். ஓடைக்கு மேலே நல்ல செம்மண் கிடைக்கும் என்று போனவள், மண் தோண்டும் இடத்துக்கு அருகே ஒரு தட்டைப் பாறை கிடப்பதைக் கண்டாள். இரண்டு முற்றம் அகலம் இருக்கும். அதன் மலைப்பக்கத்துப் பாதியின்மேல் இன்னொரு பாறை, ஒரு சாண் கனத்தில், பலகை மாதிரி படிந்திருந்தது. கீழ்ப்பாறையில் எட்டுக் குழிகள். ஒவ்வொன்றிலும் மூன்று விரல், விரல் நுனியில் நகம் குத்திய கூர். ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் நீளம்.

அன்று குழாயடிக்கு வந்து, "ஓடைப் பாறையில ஒரு கோழி நடந்து போயிருக்கு" என்றாள்.

"கோழியா? எத்தாம் பெரிசு?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். குழாயடியே சிரித்தது. மாத்துசோவுக்குச் சிரிப்பில் வாளி சாய்ந்து, பிடித்த தண்ணீர் எல்லாம் கொட்டிப்போனது. அன்றிலிருந்து மாபுலெங்குக்கு ஊரில் 'பெரிய கோழிக்காரி' என்று பெயர். மழை அரித்த குழி என்று ஆண்கள் சொன்னார்கள். "மழைக்கு இடது கால் வலது கால் உண்டா? மாத்தி மாத்திக் குழி விழுந்திருக்கே?" என்று அவள் கேட்டாள். அதற்கும் சிரித்தார்கள். புலெங் பிறந்து, வளர்ந்து, பெரிய ஊரில் வேலைக்கும் போய்விட்டாள். சிரிப்பு மட்டும் நின்றபாடில்லை. இப்படி இருபத்தைந்து வருஷம்.

பிறகு ஒரு நாள், தலைநகரத்திலிருந்து கல் வெட்டும் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் மலையின் மணற்கல்லுக்கு நல்ல விலையாம். வெண்ணெய் நிறத்தில், வெட்டினால் பலகை பலகையாக வருமாம். மேஸ்திரி ந்கோபானே மஞ்சள் தொப்பியோடு பாறை பாறையாகத் தட்டிப் பார்த்தான். கடைசியில் ஓடைக்கு மேலே இருந்த அந்தப் பாறையில்தான் வந்து நின்றான். சுண்ணாம்புக் கட்டியால் நீளமும் அகலமும் கோடு போட்டான். கோடு மூன்றாவது காலடியின் நடுவே ஓடியது.

மாபுலெங் நேரே ஊர்த்தலைவர் லெட்லாட்சாவிடம் போனாள். லெட்லாட்சா கெட்டவர் இல்லை. முடிவெடுக்கப் பயப்படுகிறவர், அவ்வளவுதான். காலையில் எந்தத் தொப்பி போடுவது என்பதற்கே மனைவியைக் கேட்பார். ஆனால் அவள் முற்றத்தைவிட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டதால் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பதிலும் வந்தது. பழங்கால விலங்குகளின் தடம் பார்க்கிற டாக்டர் புசெலெட்சோ என்பவர் வருகிற வியாழக்கிழமை நேரில் வருவார். அவர் நிஜம் என்று எழுதிக் கொடுத்தால் அரசாங்கம் பாறையைத் தன் காவலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் கம்பெனி வெட்டிக்கொள்ளலாம். திங்கட்கிழமைக்குள் காகிதம் போய்ச் சேர வேண்டும்.

செய்தி வந்ததும் தலைவர் சொன்ன முதல் வார்த்தை, "விருந்தாளி வர்றாங்க. இடம் இப்படியா கிடக்குது?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டை மெழுகுவோம். சுவரை மெழுகுவோம், முற்றத்தை மெழுகுவோம். மெழுகாத இடத்தில் விருந்தாளியை நிறுத்துவதைவிட அவரை வராதே என்று சொல்லிவிடலாம். டாக்டர் வந்து நிற்கப்போவது அந்தப் பாறையில்தானே? மாபுலெங்குக்கு ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை. மாத்துசோ உட்பட ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு புதன்கிழமை விடியற்காலையில் இறங்கினாள். பாசி படிந்திருந்தால் மண் ஒட்டாது என்பதால் மண்வெட்டியால் பாறையைச் சுரண்டினார்கள். சாணியும் செம்மண்ணும் சாம்பலும் குழைத்துக் கண்ணாடி மாதிரி மெழுகினார்கள். எட்டுக் காலடிகளையும் விரலால் வழித்துச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளை மண்ணால் ஒரு கரை கட்டி, காலடிக்கும் காலடிக்கும் நடுவே முள்கரண்டியால் பூ இழுத்தாள் மாபுலெங். வாழ்நாளில் அவள் செய்த வேலைகளிலேயே அதுதான் அழகு. சாயங்காலம் எட்ட நின்று பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது.

"உன் கோழிக்குக் கல்யாணம் மாதிரி இருக்குடி" என்றாள் மாத்துசோ. அது பாராட்டு.

டாக்டர் புசெலெட்சோவுக்கும் மாபுலெங் வயதுதான் இருக்கும். ஒல்லியான பெண்மணி, காலில் ஆண்கள் போடும் பூட்ஸ், கழுத்தில் ஒரு கண்ணாடி வில்லை. ஜீப்பிலிருந்து இறங்கி, ஊரே பின்னால் வர, ஓடைக்கு வந்தார். பாறையைப் பார்த்தார். கண்ணாடி வில்லையைக் கண்ணுக்கு உயர்த்தி, பாதியிலேயே இறக்கினார். பூரிப்பு என்று மாபுலெங் நினைத்தாள்.

"யாரு இதைப் பண்ணது?"

"நாங்கதான், டாக்டர். நேத்துப் பூரா உக்காந்து மெழுகினோம். பூ மட்டும் நான் இழுத்தது."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு பாறை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, புட்டித் தண்ணீரை ஒரு காலடியில் ஊற்றித் துணியால் துடைத்தார். மண் போனதும் கல்லில் பளிச்சென்று புதுக் கீறல்கள் தெரிந்தன, விரலின் ஓரத்திலேயே இரண்டு. இன்னொன்றைக் கழுவினார். அதிலும் கீறல். மூன்றாவதைக் கழுவவில்லை.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல, ம்மே" என்றார், அம்மா என்கிற மரியாதையோடு. "ஆனா கல்லுல இரும்பு பட்டிருக்கு. குழியெல்லாம் வழிச்சிருக்கு. எது அந்த விலங்கு வெச்ச காலு, எது மண்வெட்டி வெச்ச கோடுன்னு இனிமே நான் எப்படிப் பிரிப்பேன்?"

"காலு அதுக்கு முன்னாடியே இருந்திச்சு டாக்டர்! ஊரைக் கேளுங்க!"

"ஊர் சொல்றதை நான் காகிதத்துல எழுத முடியாதும்மா. ஒரு ஊர்ல ஆளுங்க பார்க்க வரணும்னே உளியால கால் செதுக்கி வெச்சிருந்தாங்க. நானும் நம்பி, நிஜம்னு எழுதினேன். அந்த அவமானம் பத்து வருஷமா என் கூடவே வருது. இன்னொரு தரம் முடியாது." நோட்டை மூடினார். "நிஜம்னு என்னால எழுத முடியாது. மன்னிச்சிடுங்க."

கூட்டத்தின் ஓரத்தில் ந்கோபானே தொப்பியைச் சரிசெய்துகொண்டான். அவன் சிரித்திருந்தால்கூட மாபுலெங் பொறுத்திருப்பாள். அவன் பரிதாபமாகப் பார்த்தான்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இருபத்தைந்து வருஷம் ஊரோடு சண்டை போட்டுக் காப்பாற்றியதைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டாள். அதுவும் அவள் எதில் கெட்டிக்காரியோ அந்த வேலையாலேயே. யாரைத் திட்டுவது? தலைவரையா? மண்வெட்டியையா? வாசலில் நின்று தகர வாளியை வீட்டுக்குள் வீசி எறிந்தாள். அது கதவோரத்துத் தரையில் விழுந்து, உருண்டு, அடுப்பில் முட்டி நின்றது. விழுந்த இடத்தில் தரை பெயர்ந்துகொண்டது.

அழுதுகொண்டே போய்ப் பெயர்ந்த சில்லை எடுத்தாள். எந்த அழுகையிலும் தரை பெயர்ந்து கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உள்ளங்கை அகலச் சில்லு. திருப்பினாள். அடிப்பக்கத்தில் ஒரு கோழிக்கால் மேடாகப் புடைத்து நின்றது. கீழே, பெயர்ந்த இடத்தில், அதே கோழிக்கால் பள்ளமாக.

இது அவள் ஆயிரம் தடவை பார்த்ததுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் தரை பாதி காய்ந்திருந்தபோது கோழி ஒன்று உள்ளே வந்து நடந்துவிட்டது. ஈரமாக இருந்திருந்தால் மண் சரிந்து தடம் மூடியிருக்கும். நன்றாகக் காய்ந்திருந்தால் தடமே விழுந்திருக்காது. அன்று சலிப்பில் அப்படியே விட்டாள். தரை காய்ந்து, மேலே தூசி படிந்து, அடுத்த மாதம் அதன்மேலேயே இன்னொரு பூச்சு மெழுகினாள். தூசிமேல் மெழுகினால் ஒட்டாது. என்றைக்காவது ஏடு ஏடாகப் பெயரும். பெயரும்போது மேல்பூச்சு கீழ்ப்பூச்சின் அச்சை அப்படியே எடுத்துக்கொண்டு வரும்.

மாபுலெங்கின் அழுகை சட்டென்று நின்றது. கீழ்ப்பாறையின்மேல் பலகை மாதிரி படிந்திருக்கும் அந்த இன்னொரு பாறை! சில்லை ஏப்ரனில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

தலைவர் வீட்டு முற்றத்தில் டாக்டருக்கு மக்காச்சோளக் களியும் ஆட்டுக்கறியும் கீரையும் வைத்திருந்தார்கள். பொழுது இன்னும் சாயவில்லை. மாபுலெங் மூச்சிரைக்க வந்து, முழங்கால் மடக்கி வணங்கக்கூட மறந்து, சில்லை டாக்டரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னம்மா?"

"என் வீட்டுத் தரை. திருப்பிப் பாருங்க."

டாக்டர் திருப்பினார். கறியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி திருப்பினார்.

"அந்த விலங்கு ஓடைப் பக்கத்துலேர்ந்து மலையைப் பார்த்து நடந்திருக்கு" என்றாள் மாபுலெங். "எட்டு அடி கண்ணுக்குத் தெரியுது. எட்டாவது அடி மேல்பாறையோட ஓரத்துல இருக்கு. ஒன்பதாவது அடியை அது எங்க வெச்சிருக்கும்? ஆகாசத்துலயா? மேல்பாறைக்கு அடியிலதான் இருக்கணும். அங்க என் மண்வெட்டி போகல. யாரோட உளியும் போகல. பாறையைத் தூக்குங்க, டாக்டர். அங்க காலு இருந்தா அது நான் வெச்சதில்ல."

டாக்டர் சில்லின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"மேல்பாறை கீழ்ப்பாறையோட ஒட்டிக்கிட்டு இருந்தா? தூக்கும்போது ரெண்டும் சேர்ந்து உடைஞ்சிடுமே."

"ஒட்டல. எங்க ஒட்டலன்னு நான் தட்டிப் பார்த்துச் சொல்றேன்."

தலைவர் லெட்லாட்சா வழக்கம்போல மனைவியைப் பார்த்தார். மனைவி, "தூக்கச் சொல்லுங்களேன்" என்றாள். ஆனால் தூக்குவது யார்? அந்தக் கனத்தை உடையாமல் எடுக்கிற ஆள் பள்ளத்தாக்கிலேயே ஒருவன்தான். எல்லோரும் பந்தியில் இருந்த ந்கோபானே பக்கம் திரும்பினார்கள். அவன் கன்னத்தில் இருந்த கறியை மென்று முடிக்கும்வரை ஊர் காத்திருந்தது.

"நான் எடுத்துத் தரேன், ந்தாத்தே" என்றான் தலைவரிடம், ஐயா என்கிற பணிவோடு. "ஒரு கீறல் இல்லாம எடுத்துத் தரேன். ஆனா அடியில ஒண்ணும் இல்லன்னு வைங்க, திங்கட்கிழமைக்கெல்லாம் காத்திருக்க மாட்டேன். நாளைக்கே வெட்ட ஆரம்பிப்பேன்."

"வெட்டிக்கோ" என்றாள் மாபுலெங். தலைவர் சொல்ல வேண்டிய பதில் அது. அவர் எதிர்க்கவில்லை.

மறுநாள் காலை ஊரில் சமைத்தவர்கள் யாரும் இல்லை. சோளக்காட்டில் கதிர் அறுக்கப் போகவேண்டியவர்கள்கூடப் பாறையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாபுலெங் ஒரு கயிற்றை எடுத்து, காலடியிலிருந்து அடுத்த காலடிவரை வைத்துப் பார்த்தாள். அவள் சாணுக்கு ஐந்து சாண். ஏழு இடைவெளியும் அதேதான், விரலகலம் கூடக் குறைய. எட்டாவதிலிருந்து ஐந்து சாண் அளந்து, மேல்பாறையில் செம்மண்ணால் ஒரு வட்டம் போட்டாள். பிறகு மண்டியிட்டு, புதுத் தரையில் பொய்த்த இடம் தேடுகிற மாதிரியே, விரல் முட்டியால் பாறையைத் தட்டிக்கொண்டு போனாள். ஒட்டிய இடம் கெட்டியாகச் சொல்லும். ஒட்டாத இடம் பொத்தென்று சொல்லும். காதைப் பாறையில் வைத்துத் தட்டித் தட்டி ஒரு கட்டிலைவிடச் சற்று நீளமாகக் கோடு போட்டாள். "இந்தக் கோட்டுல பிள. உள்ள வராதே, வெளிய போகாதே." ந்கோபானே தானும் ஒரு தரம் தட்டிக் கேட்டான். தலையை ஆட்டிக்கொண்டான். அந்த ஒரு தலையாட்டலுக்கு அவனை மன்னித்துவிடலாம்.

அவன் துளை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டர் மாபுலெங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இருபது கோடி வருஷம் ஆச்சும்மா. இங்க பெரிய ஆறு ஓடிச்சு. மலையே கிடையாது, சமவெளி. அந்த ஆத்தங்கரைச் சேத்துலதான் இதுங்க எல்லாம் நடந்துச்சு, தண்ணி குடிக்க, இரை பிடிக்க. வெயில்ல சேறு காஞ்சுது. அப்புறம் வெள்ளம் அவசரப்படாம வந்து மேல மணலைப் படிய வெச்சுது. அதுக்கு மேல இன்னொரு வெள்ளம். அப்புறம் ஆறே வத்திப்போய், காத்து பாலைவன மணலைக் கொண்டாந்து கொட்டிச்சு. கடைசியில பூமி வெடிச்சு நெருப்புக் குழம்பு ஓடிச்சு. தோ தெரியுது பாருங்க, அந்தக் கறுப்பு உச்சியெல்லாம் அதுதான். அந்தக் கனத்துல சேறு கல்லாயிடுச்சு."

மாபுலெங் மலையை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள். "அப்போ வெள்ளம் ஒரு பூச்சு மெழுகியிருக்கு. காத்து ஒரு பூச்சு. நெருப்பு ஒரு பூச்சு."

"அப்படியே வெச்சுக்கோங்க."

"நல்ல கையா இருந்திருக்கணும். கெட்டிக்காரப் பூச்சு" என்றாள் மாபுலெங், ஒரு வேலைக்காரி இன்னொரு வேலைக்காரியைச் சொல்கிற மாதிரி.

துளைகளில் ஆப்பு இறங்கியது. ந்கோபானே வரிசையாக ஒவ்வொன்றிலும் ஒரு அடி, மறுபடி முதலிலிருந்து ஒரு அடி என்று போய்க்கொண்டே இருந்தான். ஆறாவது சுற்றில் பாறை ஒரு முனகல் முனகிப் பிளந்தது. ஆறு ஆண்கள் கடப்பாரை போட்டு நெம்பி, மெதுவாகத் தூக்கி, பின்பக்கம் புல்லின்மேல் சாய்த்தார்கள். உடையவில்லை. அவள் சொன்னபடியே ஏடாகப் பெயர்ந்து வந்துவிட்டது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வட்டம் போட்ட இடத்துக்கு நேர் கீழே பாறை வெறுமையாகக் கிடந்தது.

ஒரு பெருமூச்சு கூட்டம் முழுவதும் பரவியது. யாரோ ஒருவன், "கோழி பறந்துடுச்சு போல" என்றான். மாத்துசோ திரும்பி, "வாயை மூடுடா, பல்லைத் தட்டிடுவேன்!" என்று கத்தினாள். இருபத்தைந்து வருஷம் கேலி செய்த அதே மாத்துசோதான். டாக்டர் கண்ணாடி வில்லையைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு எழுந்துகொண்டார். ந்கோபானே சுண்ணாம்புக் கட்டியைப் பையிலிருந்து எடுத்தான்.

ஆனாலும் மாபுலெங் புதிதாகத் திறந்த தரையைத் தொட்டுப் பார்க்காமல் போகிறவள் இல்லை. மண்டியிட்டு, உள்ளங்கையை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். எட்டு அடிகள் இருந்த இடத்தில் பாறை சொரசொரப்பு. இங்கே வழவழப்பு. அந்த வழவழப்பு அவளுக்குத் தெரியும். தண்ணீர் அதிகமாகிப்போன மண் காய்ந்தால் இப்படித்தான் இருக்கும். கை ஒரு இடத்தில் லேசாக இறங்கியது. இன்னும் கொஞ்சம் முன்னால் போனது. இன்னும் இறங்கியது.

"துடைப்பம்! தண்ணி!"

மாத்துசோ ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். மாபுலெங் தண்ணீரைத் தெளித்து, புல் துடைப்பத்தால் மெல்லத் தட்டித் தட்டித் தள்ளினாள். காகிதக் கனத்தில், பள்ளம் வரும் இடத்தில் விரல் கனத்தில், ஒரு மண் தோல், பாறையின் நிறத்திலேயே இருந்தது, சுருண்டு சுருண்டு வந்தது. அதன் அடியில் முதலில் மூன்று நீளக் கோடுகள். பக்கத்துப் பக்கத்தில், இரண்டு சாண் நீளத்துக்கு இழுபட்டு. கோடுகள் முடிகிற இடத்தில், அவள் போட்ட வட்டத்தைத் தாண்டி, ஒரு காலடி. மற்ற எட்டையும்விட ஆழமாக. மூன்று விரலும் அகல விரிந்து, விரலுக்கு முன்னால் சேறு உந்தித் தள்ளப்பட்டு வரப்பாக எழும்பி, அப்படியே கல்லாகி நின்றது.

"வழுக்கியிருக்கு!" என்று கத்தினாள் மாபுலெங். "பாவி மகன், ஈரத்துல காலை வெச்சு வழுக்கியிருக்கான்! விழாம ஊனிக்கிட்டான் பாருங்க!"

ஆண்கள், புல்லில் சாய்த்து வைத்த பலகையின் அடிப்பக்கத்துக்கு ஓடினார்கள். அங்கே ஒட்டியிருந்த மண்ணை வழித்ததும் அதே மூன்று கோடும் அதே காலும் மேடாகப் புடைத்து நின்றன, நகம்வரை. அதற்கு அடுத்து, மூன்றே சாண் தள்ளி, பத்தாவது கால். பயந்துபோய்க் கிட்டக் கிட்ட எடுத்து வைத்த அடி. புதுத் தரையில் ஒரு தடவை வழுக்கியவர்கள் அடுத்த அடியை அப்படித்தான் வைப்பார்கள்.

டாக்டர் புசெலெட்சோ பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பாறைமேல் ஏறினார். அந்தக் காலடிக்கு முன்னால் மண்டியிட்டார். எழும்பிய வரப்பை விரல் நுனியால் தடவினார்.

"பொய்க்குச் செதுக்குறவன் அழகாத்தான் செதுக்குவான்" என்றார் மெல்ல. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "பொய்க்குச் செதுக்குறவன் வழுக்க மாட்டான்!"

முதலில் குலவை போட்டது மாத்துசோ. அவள் நாக்கு எதற்குப் படைக்கப்பட்டது என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அறுபது பெண்கள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். ஓடைக்கு அக்கரையில் மேய்ந்த மாடுகள் மிரண்டு மேட்டில் ஏறின. ந்கோபானே சுண்ணாம்புக் கட்டியை ஓடையில் வீசிவிட்டு மாபுலெங்கிடம் வந்தான். "ம்மே, முப்பது வருஷமா கல்லுல கிடக்கிறேன். கல்லைத் தட்டி இவ்வளவு கேட்டவங்களை நான் பார்த்ததில்ல" என்றான். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சொன்னான். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

டாக்டர் அங்கேயே, பாறை ஓரத்தில் உட்கார்ந்து காகிதத்தை எழுதினார். அளவெல்லாம் எழுதி, படம் போட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பசித்தவர்கள்கூட எழுந்து போகவில்லை. தலைவர் லெட்லாட்சா ஊரைக் கூட்ட வேண்டிய வேலையே இருக்கவில்லை. டாக்டர் எழுந்து நின்று படித்தார்.

"ஹா செலோமோ ஓடைப் பாறையில் உள்ள பத்துக் காலடிகளும் நிஜமானவை. இந்தப் பாறையை யாரும் வெட்டக் கூடாது. இவற்றை முதலில் கண்டறிந்தவர் இவ்வூர் மாபுலெங். ஒன்பதாவது காலடி எங்கே இருக்கும் என்று பாறையைத் திறக்கும் முன்பே சொன்னவரும் அவரே."

மாபுலெங் முன்வரிசையில் நின்றிருந்தாள். அவள் முகம் நனைந்திருந்தது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"டாக்டர், இன்னொரு தரம் படிங்க" என்றாள். "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

பின்னால் நின்றவர்களுக்கு நன்றாகவே கேட்டிருந்தது. ஆனாலும், "ஆமா, கேக்கல, கேக்கல!" என்று ஊரே கத்தியது. டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னும் உரக்கப் படித்தார். மாபுலெங் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டு முடித்தாள்.

"இன்னும் ஒரே ஒரு தரம்" என்றாள்.

டாக்டர் மூன்றாவது தரமும் படித்தார்.